டிரம்மைத் தேய்த்துக் கொடுத்த தங்கச்சிக்கும் மன்னார்குடி நகராட்சிக்காரர்களுக்கும்

மன்னார்குடி நகராட்சியின் எல்லாப் பிரிவு ஊழியர்களுக்கும், வெளியூர்களிலிருந்து வந்து எங்கள் தெருக்களைத் திறந்துவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் 16 விடியற்காலையில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. நம் பக்கத்தில் அது தெரியாதவர் யாரும் இல்லை. கஜா புயல் என்று பெயரைச் சொன்னாலே எங்கள் அத்தை இன்னும் காதைப் பொத்திக்கொள்கிறார். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது, என் தையல் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. பொங்கல் துணிகளும் வரத் தொடங்கிவிட்டன. வேலையில் மூழ்கிவிட்டால் இந்த மடல் தள்ளிப் போய்விடும். அதனால் துணிகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதை எழுதுகிறேன்.

முறையாகப் பார்த்தால் இந்த நன்றியை நகர்மன்றக் கூட்டத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். மாதா மாதம் கூட்டம் நடந்த காலத்தில், எங்கள் வார்டு கவுன்சிலரிடம் சொல்லி ஒரு நன்றித் தீர்மானம் போட வைத்திருப்பேன். அது மினிட் புத்தகத்தில் ஏறியிருக்கும், பின்னால் வருபவர்கள் எடுத்துப் படித்திருப்பார்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு கவுன்சிலரும் இல்லை, கூட்டமும் இல்லை, தனி அலுவலர் நிர்வாகம்தான். தீர்மானம் போட மன்றம் இல்லாததால் இப்படி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் தெருவுக்குக் கொசுப்புழு பார்க்க வரும் தங்கச்சியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பெயரை எழுதவில்லை. அவர் அதை விரும்பமாட்டார் என்று தோன்றுகிறது. நீல நிற மேல்கோட்டு, கையில் டார்ச், தோளில் பை, பைக்குள் தண்ணீரில் விட்டுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து பாட்டில், ஒரு நோட்டு. டெங்கு தமிழ்நாடு முழுக்க ஆட்டிவைத்த போன வருடத்திலிருந்தே அவரைத் தெரியும். வருவார், தொட்டி, டிரம், பிரிட்ஜின் பின்தட்டு, ஆட்டுக்கல் குழி என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். புழு இருந்தால் கொட்டச் சொல்வார். கதவின் பின்பக்கம் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

புயலுக்கு அப்புறம் அவர் வந்த அன்று எங்கள் வீட்டில் கூரைக்குப் பதில் தார்ப்பாய் இருந்தது. கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. லாரியில் வந்த தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து, கொல்லையில் இருந்த நீல டிரம்மில் சேர்த்து வைத்திருந்தோம். சமையலுக்கும் புழக்கத்துக்கும் அந்த ஒரு டிரம்தான். அவர் மூடியை நகர்த்தி டார்ச் அடித்ததும் அத்தை ஓடி வந்தார்.

"பாப்பா, கொட்டிடாதேம்மா. இந்தத் தண்ணிக்கு எம்மருமக தேரடி வரைக்கும் போயி நின்னுட்டு வந்துருக்கா."

உள்ளே புழு நெளிந்தது. நானும் பார்த்தேன். கொட்டச் சொன்னால் கொட்டித்தான் ஆக வேண்டும். அந்தப் பெண் கொஞ்ச நேரம் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையைக் கழற்றித் திண்ணையில் வைத்தார்.

"கொட்ட மாட்டேம்மா. பழைய வேட்டி ஏதாச்சும் இருந்தா குடுங்க. காலியா இருக்குற குடமெல்லாம் எடுத்துட்டு வாங்க."

வேட்டியை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டினார். நான் செம்பால் மொண்டு ஊற்ற ஊற்ற, அவர் துணியைத் தளராமல் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு குடம் நிறைந்ததும் துணியை அவிழ்த்து, வெயில் விழுந்த காய்ந்த தரையில் உதறினார். புழுக்கள் அங்கேயே துடித்து அடங்கின. பக்கத்து வீட்டுக் குடம், சோற்றுப் பானை, அத்தையின் பித்தளை அண்டா என்று கிடைத்ததெல்லாம் நிறைந்தபோது டிரம் காலியானது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் டிரம்மைச் சாய்த்து, கொல்லையில் கிடந்த தேங்காய் நாரை எடுத்து உள்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, வட்டமாக, விரல் வலிக்கும் அளவுக்கு அழுத்தித் தேய்த்தார்.

"புழு செத்தா மட்டும் போதாதுக்கா. முட்டை இந்த வெளிம்புலதான் ஒட்டிக்கிட்டிருக்கும், கரித்தூள் மாதிரி. காய்ஞ்சு போனாலும் மாசக்கணக்குல சாகாது. மறுபடி தண்ணி தொட்டுச்சுன்னா பொரிச்சிரும். பத்து நாள்ல கொசுவாயி பறந்துரும். பகல்ல கடிக்கிற கொசு இது."

அபேட் ஊற்றிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டேன். "சமையலுக்கும் இதைத்தானே எடுக்குறீங்க" என்று மட்டும் சொன்னார். தேய்த்து முடித்து, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி, வடிகட்டிய தண்ணீரைத் திரும்ப டிரம்மில் ஊற்ற வைத்தார். அலசக் கொட்டிய ஒரு செம்பைத் தவிர எதுவும் வீணாகவில்லை. டிரம் மூடி காற்றில் விரிசல் விட்டிருந்தது. அந்த வேட்டியையே வாயில் போர்த்தி, கயிறு சுற்றி இறுக்கிக் கட்டினார். "சின்ன சந்து போதும்க்கா, உள்ள போயிரும்" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

பார்ப்பது, கொட்டச் சொல்வது, எழுதுவது. அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை இவ்வளவுதான். வடிகட்டியதும் தேய்த்ததும் எந்த நோட்டிலும் ஏறாது. தினக்கூலிக்கு வருகிறவர் அவர். எங்கள் வீட்டில் செலவழித்த அந்த நேரத்தை ஈடுகட்ட, அன்றைக்கு மிச்சமிருந்த வீடுகளை இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருக்கோடியில் டார்ச் வெளிச்சம் தெரிந்தபோது அவர்தான் என்று அத்தை கண்டுபிடித்துச் சொன்னார்.

கிளம்பும்போது தேதி போட வழக்கம்போலக் கதவைத் தேடினார். எங்கள் வாசல் கதவு இப்போது இல்லை, நிலை மட்டும்தான் நிற்கிறது. நிலைக்குப் பக்கத்துச் சுவரில் அடுப்புக்கரியால் தேதி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். "கதவு போட்டதும் சொல்லுங்கக்கா, அதுல பழைய தேதியெல்லாம் சேர்த்து எழுதிக்கலாம்" என்றார். அவர் வீடு எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் கேட்டேன். கீற்று வீடு, போய்விட்டது, பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம் என்றார். ஒரு வாய் டீ குடிக்கச் சொன்னதற்கு, தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று மறுத்துவிட்டார்.

அந்த நாட்களில் எங்களுக்கு எவ்வளவோ பேர் கொடுத்தார்கள். அரிசி, பிரெட், மெழுகுவர்த்தி, பாய், போர்வை. முகம் தெரியாத ஊர்களிலிருந்து வேன் வேனாக வந்தது. கை நீட்டி வாங்கிப் பழக்கமில்லாத அத்தை ஒவ்வொரு முறையும் வாங்கிவிட்டு உள்ளே வந்து அழுதார். இந்தப் பெண் எதையும் கொடுக்கவில்லை. நாங்கள் பாடுபட்டுச் சேர்த்த தண்ணீரை எங்களுக்கே சுத்தமாக்கித் தந்தார். அன்றைக்கு ராத்திரி அத்தை அழவில்லை, வெகுநாள் கழித்து ரசம் வைத்தார்.

மற்றவர்களையும் சொல்லாமல் விடமாட்டேன், ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுத இந்த மடல் தாங்காது. ஜெனரேட்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியாகப் போய் மோட்டார் ஓட்டிய பொறியியல் பிரிவுக்காரர்கள். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடப்போகிறோம் என்று முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போன, எங்கள் பக்கம் தண்ணீர் திறந்துவிடும் அண்ணன். கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குளோரின் இருக்கிறது, பயமில்லாமல் பிடியுங்கள் என்று சொன்னவர். ராஜகோபாலசுவாமி கோயில் மதிலைத்தான் மன்னார்குடி மதிலழகு என்பார்கள். அந்த மதிலைச் சுற்றியும் பந்தலடியிலும் ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையிலும் மலையாகக் கிடந்த கிளைகளையும் ஓடுகளையும் தகரத்தையும் வாரிய துப்புரவுப் பணியாளர்கள், அவர்களோடு கைகோத்த வெளியூர் நகராட்சி, மாநகராட்சிப் பணியாளர்கள். வந்தவர்களில் பலர் கல்யாண மண்டபத் தரையில் படுத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். வீடு வீடாகக் கதவு எண் தெரிந்தவர் என்பதால், சேதக் கணக்கு எடுக்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த பில் கலெக்டர். கம்ப்யூட்டர் ஓடாத நாட்களிலும் பிறப்பு இறப்புப் பதிவைக் கையால் எழுதி வாங்கிக்கொண்ட பிரிவு. பக்கத்து வீட்டுக்காரர் மகளுக்கு அந்த வாரம்தான் பிள்ளை பிறந்தது. 21 நாளுக்குள் பதிய வேண்டுமே என்று அவர் பதறிக்கொண்டு போனார், உட்கார வைத்துப் பேசி எழுதிக்கொண்டார்களாம். நகராட்சிக்காரர்கள் இல்லை என்றாலும் மின்வாரியத்தாரை விட முடியாது. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்த இடத்தில், சேற்று வயலுக்குள் கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்கள். கேரளாவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எல்லாருக்கும் எங்கள் தெரு சார்பில் கும்பிடு.

இந்த ஒரு மாதமாக என் மனதில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நகராட்சி என்றால் வரி ரசீதும் குழாய்க் கட்டணமும் என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வருகிறது. ஒரு சாதாரண மாதத்தில் அங்கே என்னென்ன நடக்கிறது? தொட்டியை இறக்கிக் கழுவுகிறார்கள், கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதுகிறார்கள். எரியாத தெருவிளக்கைக் கணக்கெடுத்து மாற்றுகிறார்கள். வாய்க்கால் தூர் வாருகிறார்கள், ஹோட்டல் சமையல்கட்டைப் பார்க்கிறார்கள், எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்று மாதம் முடிந்ததும் கணக்கை முடித்து மேலே அனுப்புகிறார்கள். நகரமைப்புப் பிரிவில் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். இதில் எதுவும் பேப்பரில் வராது. ஆனால் அந்தத் தங்கச்சிக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டில் எத்தனை டிரம், எந்த வீட்டில் தனியாக இருக்கும் கிழவி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று மனப்பாடம். மாதா மாதம் வந்துகொண்டே இருந்ததால் தெரிந்த கணக்கு அது. புயல் அன்றைக்கு யாரும் உட்கார்ந்து அதைத் தயார் செய்ய முடியாது. தண்ணீர் திறக்கும் அண்ணனுக்கும் அப்படித்தான், மரம் விழுந்து வால்வு மூடியே தெரியாத இடத்தில், இங்கே தோண்டு என்று காலால் காட்டினார்.

அதனால் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். என்றைக்காவது தேர்தல் வரும், மன்றம் கூடும். அப்போது வருகிற கவுன்சிலர்கள் யாராக இருந்தாலும், முதல் மாதக் கூட்டத்துப் பொருள் பட்டியலிலேயே கொசுப்புழுப் பணியாளர்களின் கூலியைப் பற்றி ஒரு பொருளைச் சேருங்கள். மழைக்காலத்துக்கு மட்டும் கூப்பிட்டு, காய்ச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுகிற வேலையாக அது இருக்கக் கூடாது. வருடம் முழுக்க, மாதத்தில் குறித்த தேதியில் சம்பளம் வரும்படி செய்து கொடுங்கள். நான் உயிரோடு இருக்கும் வரை, ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியது தையல்தான். எங்கள் தெருவில் உள்ள எல்லா டிரம்முக்கும் வாய்மூடித் துணி தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். கனத்த காடாத் துணி, சுற்றிலும் எலாஸ்டிக், சந்து இல்லாமல் இறுகிப் பிடிக்கும். முதல் துணியைத் தைத்து எங்கள் டிரம்மில் போட்டுவிட்டேன். போன முறை வந்தபோது அந்தத் தங்கச்சி விரலை விட்டுச் சுற்றிலும் இழுத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் தளர்வாக இருக்கிறது, இன்னும் அரை இஞ்சு பிடியுங்கள் என்றார். பிடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது டிரம்மையும் தேய்க்கிறோம். அத்தையே நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

கோபாலசமுத்திரம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் டிரம்மின் வாய்ச் சுற்றளவை ஒரு நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, வீட்டுக் கதவு எண்ணோடு என்னிடம் கொடுத்தனுப்புங்கள். பொங்கலுக்குள் தைத்துத் தந்துவிடுகிறேன். காசு வேண்டாம். பழைய கெட்டி வேட்டி இருந்தால் கொடுங்கள், துணி பற்றாக்குறையாக இருக்கிறது.

நன்றியுடன்,
கோபாலசமுத்திரம் தெருவிலிருந்து ஒரு தையல்காரி
மன்னார்குடி, டிசம்பர் 2018