தந்தத்தின் வளைவு

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய். மனசு லேசானது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல்.

நான் இப்போது கேமரூனில், ஃபும்பான் என்ற ஊரில் இருக்கிறேன். பாமும் என்ற இனத்து அரசர்களின் தலைநகரம். மரம் செதுக்குகிற உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் இதைச் சொல்வேன்?

நேற்று ஒரு வீட்டில் பழைய தந்தச் சிலை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஒரு சாண் உயரம் இருக்கும். உப்பிய கன்னம், உருண்டு துருத்திய கண், மோவாயில் ஒரு கை. அரசர் முன் நிற்பவர் மரியாதை காட்டும் விதம் அது. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. தந்தத்தில் கையை விரித்துக் காட்ட அகலம் ஏது? ஆள் லேசாகச் சாய்ந்து நின்றதும் தந்தத்தின் வளைவால்தான். அடிப்பகுதியைத் திருப்பினேன். வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. எலும்பாக இருந்தால் கரும்புள்ளிகள்தான் தெரியும்.

இங்கே யானையும் சிறுத்தையும் அரசருக்குரியவை. வேட்டையில் கிடைத்த தந்தம் அரண்மனைக்குத்தான் போக வேண்டும். அப்படியானால் இந்தச் சிலை எப்படி வெளியே வந்தது? இரவெல்லாம் அதே நினைப்பு. இங்கே ஆண்ட ந்ஜோயா மன்னர், தன் மக்களுக்கென்று ஓர் எழுத்தையே உருவாக்கியவர், தன் தந்தையின் மணி கோத்த சிம்மாசனத்தை 1908இல், அப்போது இந்த நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மனியின் பேரரசருக்குக் கொடுத்தார். இன்றும் அது பெர்லினில்தான் இருக்கிறது. பரிசு என்கிறார்கள். ஆள வந்தவனுக்குக் கொடுப்பதைப் பரிசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், 1931இல் அவரை இந்த ஊரிலிருந்து கேமரூனின் தலைநகர் யாவுண்டேவுக்குக் கடத்தினார்கள். இரண்டே வருடத்தில் அங்கேயே இறந்துபோனார்.

அப்புறம், கடைத்தெருவில் ஒருவர் சின்னத் தந்த பொம்மை ஒன்றைக் காட்டினார். வேண்டாம் என்றேன். யானைத் தந்த வியாபாரத்துக்கு 1989இல் உலக நாடுகள் தடை போட்டது சரிதான். பக்கத்திலேயே மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, சுட்டு, பித்தளை வார்க்கிறார்கள். பிறகு மண்ணை உடைக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உனக்கு ஒரு பித்தளைச் சிலந்தி வாங்கினேன். இவர்களுக்குச் சிலந்தி அறிவின் அடையாளம். கால் ஒன்று சற்று வளைந்திருக்கிறது. நிமிர்த்தாமல் அப்படியே வை.

பொங்கலுக்கு வருகிறேன்.

என்றும் உன்
பழைய பெஞ்சுத் தோழன்