ட்ரெய்னர் விமானக் கிட்டின் சமநிலைக் கோளாறு குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கவிடும்) ட்ரெய்னர் மாதிரி விமானக் கிட் – கையேட்டில் முரண்பட்ட சி.ஜி. (சமநிலைப் புள்ளி) அளவுகள், பேட்டரி வைக்கும் இடத்தில் குறைபாடு

ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையதளத்தில் சென்ற மாதம் ஹை-விங் ட்ரெய்னர் கிட் ஒன்று வாங்கினேன். ஒட்டி முடித்து மோட்டார், ரிசீவர், ப்ரொப்பெல்லர் எல்லாம் பொருத்தியாயிற்று. ஆனால் விமானம் இன்னும் தரையை விட்டுக் கிளம்பவில்லை. கிளப்பக்கூடாத நிலையில் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

சமநிலைப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 55 மி.மீ. என்று கையேட்டில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்துப் படத்தில் அதே புள்ளிக்கு 80 மி.மீ. என்று அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். எதை நம்புவது? இறக்கை நுனிவரை ஒரே அகலம், 200 மி.மீ. இந்த வகை ட்ரெய்னருக்கு சி.ஜி. அந்த அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருப்பதுதான் வழக்கம். 55 என்றால் 27.5 சதவீதம், சரி. 80 என்றால் 40 சதவீதம். அங்கே வைத்துப் பறக்கவிட்டால் மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரைத் தொட்டவுடன் மூக்கு தூக்கிக்கொண்டு போகும், கையை எடுத்தாலும் இறங்காது. அப்புறம் வேகம் செத்து, ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, விழ வேண்டியதுதான். பெட்டியின் மேல் 'புதிதாகக் கற்பவர்களுக்கு' என்று வேறு அச்சடித்திருக்கிறீர்கள்.

இதையாவது அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். நீங்கள் பரிந்துரைத்த 1300 எம்.ஏ.ஹெச். லிப்போ பேட்டரியைத்தான் வாங்கினேன். அதை முன்பக்கப் பலகையில் முட்டும்வரை தள்ளி வைத்தும் விமானம் 72 மி.மீ.-இல்தான் சமநிலையில் நிற்கிறது. இடது, வலது சமநிலையில் குறை இல்லை. வால் பக்கம்தான் கனம்.

காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. கையேட்டுப் படத்தில் எலிவேட்டரையும், பக்கவாட்டில் திருப்பும் ரட்டரையும் அசைக்கும் சர்வோக்கள் (சிறு மோட்டார்கள்) இறக்கைக்கு அடியில் இருக்கின்றன. எனக்கு வந்த கிட்டிலோ அவற்றுக்கான துளைகள் வாலில் இருக்கின்றன. சர்வோ ஒன்று 9 கிராம், இரண்டும் சேர்ந்து 18 கிராம்தான். ஆனால் அவை அரை மீட்டர் பின்னால் போனால் 1050 கிராம் விமானத்தின் சி.ஜி. ஏறக்குறைய 8.5 மி.மீ. பின்னால் போய்விடும். வடிவத்தை மாற்றியவர்கள் பேட்டரி தட்டையும் முன்னால் நகர்த்தியிருக்க வேண்டாமா? 55-க்கும் 72-க்கும் உள்ள 17 மி.மீ. வித்தியாசத்தில் மீதி 8.5 மி.மீ. எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் வடிவமைப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போதிருக்கும் நிலையில் 55-க்குக் கொண்டுவர மூக்கில் 85 கிராம் ஈயம் வைக்க வேண்டும். டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டும் எடை வாங்கி ஒட்டலாம், அது பெரிய காரியம் இல்லை. ஆனால் எட்டு சதவீதம் வீண் எடையைச் சுமந்தால் தரையிறங்கும் வேகமும் கூடும். கற்றுக்கொள்பவருக்கு அது எதற்கு?

உங்கள் சேவைப் பிரிவை அழைத்தால், "முதலில் பறக்கவிட்டுப் பாருங்கள், ட்ரிம்மில் சரிசெய்துகொள்ளலாம்" என்றார்கள். ட்ரிம் என்பது ரிமோட்டில் செய்யும் நுண்திருத்தம்; அது ஏதோ ஒரு வேகத்துக்கு மூக்கை நேராக்கும், அவ்வளவுதான். பின்னால் இருக்கும் எடையை அது முன்னால் கொண்டுவராது. கிட்டை மாற்றித் தரக் கேட்டதற்கு, "சேதம் எதுவும் இல்லையே" என்று பதில். விழுந்து நொறுங்கியிருந்தால் ஓட்டியவர் தவறு என்றிருப்பீர்கள். விழாமல் வைத்திருந்தால் சேதம் இல்லை என்கிறீர்கள். அப்புறம் எப்போதுதான் புகார் சொல்வது?

பேட்டரியை முன்னால் வைக்கும்படி திருத்திய உடற்பகுதியை அனுப்புங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டில் எதைச் செய்தாலும், சரியான சி.ஜி. அளவை இந்தக் கிட்டை வாங்கிய எல்லோருக்கும் உடனே தெரிவியுங்கள். அவர்களில் யாராவது இந்த ஞாயிற்றுக்கிழமையே 80-ஐ நம்பி மைதானத்துக்குப் போகக்கூடும்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி என் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்

இணைப்பு: பில் நகல், கையேட்டின் இரு பக்கங்கள், சமநிலை பார்த்தபோது எடுத்த படங்கள்