அப்பாவின் பெயரில் ஒரு கதவு

ஹாம்பர்க், ஜெர்மனி,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள நண்பா,

போய்ச் சேர்ந்ததும் விவரமாக எழுது என்று சொல்லி அனுப்பினாய். ஏழு வாரம் ஓடிவிட்டது, மன்னித்துக்கொள்.

நீ முதலில் வேலையைப் பற்றித்தான் கேட்பாய். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களை எந்த வரிசையில் இறக்குவது, ஏற்றுவது என்று கணக்குப் போடும் மென்பொருள். குழுவில் ஒன்பது பேர். முதல் வாரமே எங்கள் தலைவி ஒரு வேலையைக் காட்டி, வெள்ளிக்குள் முடியுமா என்று கேட்டார். "முயற்சி செய்கிறேன்" என்றேன். "முடியும் என்று எழுதிக்கொள்ளட்டுமா, முடியாது என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்றார். முகத்தில் கோபமே இல்லை. முடியாது, திங்கள் ஆகும் என்றேன். திங்கள் என்று எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இத்தனை வருஷ வேலையில் மேலதிகாரியிடம் 'முடியாது' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்டா.

மாலை ஐந்தரைக்கு மேல் யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு வெளியே கும்மிருட்டு. இப்போது காலை 8 மணிக்கு மேல்தான் விடிகிறது, 4 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் அலுவலகத்துக்குள்ளேயே கழிகிறது. இதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

ஞாயிறு கடைகள் அடைப்பு. முதல் ஞாயிறு தெரியாமல் பையை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பினேன். இப்போதெல்லாம் அன்று நடக்கக் கிளம்பிவிடுகிறேன். எல்ப ஆற்றுக்கு அடியில் 1911-ல் திறந்த பழைய சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. சுமார் 24 மீட்டர் கீழே இறங்கி, 400 மீட்டருக்கு மேல் நடந்து அக்கரை ஏறலாம். சுவர் ஓடுகளில் மீனும் நண்டும் புடைப்பாகச் செய்து பதித்திருக்கிறார்கள். நம் தலைக்கு மேலே கப்பல் போகிறது என்று நினைத்துக்கொண்டே நடப்பேன்.

உண்மையில் உனக்குச் சொல்ல வந்தது வேறு.

இங்கே குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளோடு போய்ப் பதிந்தேன். அதன் பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் போனால் சம்பளத்தில் வரி அதிகமாகப் பிடிப்பார்கள் என்று அலுவலகத்தில் எச்சரித்தார்கள். மூன்று வாரம் காத்திருந்தேன், வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டபோது, என்னைக் கீழே கூட்டிப்போய்த் தபால் பெட்டியைக் காட்டினார். எல்லாப் பெட்டியிலும் குடும்பப் பெயர், என் பெட்டியில் ஒன்றுமில்லை. எங்கள் கட்டடத்தில் கதவு எண்ணே கிடையாது. பெயர் ஒட்டாத பெட்டியில் தபால்காரர் எப்படிப் போடுவார்? தப்பு என்னுடையதுதான்.

அன்று இரவே ஒரு தாளை நறுக்கிப் பெயர் எழுத உட்கார்ந்தேன். என் பெயரை எழுதிவிட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்தால், குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பா பெயர். நமக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்குமே, அது இங்கே முழுசாக எழுந்து நிற்கிறது. முதல் தாளைக் கிழித்துவிட்டு அப்பா பெயரை எழுதினேன். பெட்டியில் ஒன்று, காலிங் பெல்லில் ஒன்று, கதவில் ஒன்று. பாஸ்போர்ட்டே எடுக்காத மனுஷர் அவர், உனக்குத் தெரியும். ஒட்டிவிட்டு மாடிப்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் பல் வலிக்கு மருத்துவரிடம் போனேன். காத்திருக்கும் அறைக்குள் யார் வந்தாலும் எல்லாருக்கும் பொதுவாக "மொய்ன்" என்று சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். காலையோ மாலையோ, இந்த ஊரில் எந்நேரமும் அதே வணக்கம்தான். நானும் சொல்லி உட்கார்ந்தேன். ஒரு பெண் வந்து, நம் 'திரு' மாதிரி "ஹெர்" என்று சேர்த்து அப்பா பெயரைக் கூப்பிட்டாள். வேறு யாரையோ என்று இருந்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவைதான் எழுந்தேன். அவர் போய் நாலு வருஷம். நம் வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மா என்றைக்குமே சொன்னதில்லை. எங்கோ ஒரு பல் மருத்துவமனையில், ஓர் அந்நியப் பெண் வாயிலிருந்து, மரியாதையோடு கேட்டேன். கண் கலங்கியதைப் பல் வலி என்று நினைத்திருப்பாள்.

பிப்ரவரியில் இவளும் பாப்பாவும் வருகிறார்கள். அவர்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என் பெயர். பெட்டியில் இரண்டு பெயர் ஒட்ட வேண்டும். ஒரே வீட்டில் எப்படி இரண்டு குடும்பப் பெயர் என்று கேட்பார்கள், சொல்லிப் புரிய வைக்க வேண்டும்.

அம்மாவை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. போனில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள், நீ பார்த்துச் சொன்னால்தான் நம்புவேன். இந்தக் கதையை அவளிடம் நீயே சொல். என்னால் போனில் சொல்ல முடியவில்லை.

பதில் தபாலில் போடு. உறையில் அப்பா பெயரை எழுத மறந்துவிடாதே. அது இல்லாமல் எனக்கு வந்து சேராது.

உன்
நண்பன்