அந்த ஒரு ஷாட்டைப் பற்றி

அன்பு மகளுக்கு,

உன் படத்தின் ஷூட்டிங் முடிந்து யூனிட் வண்டிகள் கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. திண்ணைத் தூணில் ஒட்டியிருந்த டேப்பின் பசை போகவில்லை என்று உன் அம்மா தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஜெனரேட்டர் நின்ற இடத்தில் புல் கருகிக் கிடக்கிறது. அதெல்லாம் ஒரு மழைக்குச் சரியாகிவிடும். ஃபோனில் பிடித்தால் "எடிட்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பாட்டில் ஷாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அப்புறத்துக்குத் தள்ளிப்போடுகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கதையை நீ சொன்னபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. பிளஸ் டூவில் ஃபெயிலான பையன் செத்துவிட்டான் என்று ஊர் நம்பிவிடுகிறது. அவனோ மோட்டார் கொட்டகையில் ஒளிந்துகொண்டு, நேற்றுவரை தன்னைக் கரித்துக்கொட்டியவர்களெல்லாம் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவதைப் பார்க்கிறான். பிள்ளைகளின் சாவில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அன்று ராத்திரி நீ 'ஹெதர்ஸ்' என்கிற இங்கிலீஷ் படத்தை லேப்டாப்பில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய்.

1989-ல் வந்த படம். எழுதிய டேனியல் வாட்டர்ஸுக்கும் இயக்கிய மைக்கேல் லேமனுக்கும் அதுதான் முதல் படம் என்றாய். ஒரே பெயருள்ள மூன்று பெண்கள், ஆளுக்கொரு நிறம்: சிவப்பு, பச்சை, மஞ்சள். அந்தச் சிவப்புத் தலைமுடிப் பட்டை யார் கைக்குப் போகிறதோ அவளுக்கு மொத்தப் பள்ளிக்கூடமும் அடங்கிப் போகிறது. கொலையைத் தற்கொலை என்று ஜோடித்தவுடன், நேற்றுவரை யாரைக் கண்டு நடுங்கினார்களோ அவர்களையே எல்லாரும் கும்பிட ஆரம்பிக்கிறார்கள். படம் பார்த்து முடித்தபோது உன் கதை எனக்குப் புரிந்தது. நீ சாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சாவுக்குப் பிறகு மட்டும் பிள்ளையைக் கொண்டாடுகிற பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பு எனக்குச் சம்மதம். முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்த எனக்கும் அதில் பங்கு உண்டு.

வாட்டர்ஸ் முதலில் எழுதிய முடிவில் பள்ளிக்கூடமே வெடித்து, எல்லாரும் சொர்க்கத்தில் கூடி ஆடுவார்கள் என்றும், கம்பெனி ஒத்துக்கொள்ளாமல் முடிவை மாற்றினார்கள் என்றும் அன்றைக்கு நீ சொன்னாய். "என் படத்துல யாருக்காகவும் எதையும் மாத்த மாட்டேன்ப்பா" என்றும் சொன்னாய். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறேன்.

நீ வேலை செய்வதை இத்தனை கிட்டத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. தங்கச்சியாக நடித்த பாப்பாவுக்குப் பதினொரு வயது. ஆட்சியரிடம் அனுமதிக் கடிதம் வாங்கினாய். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் அவளை வைத்துக்கொள்ளவில்லை, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தவில்லை. சம்பளத்தில் 20 சதவீதம் அவள் பெயரில் டெபாசிட் போட வேண்டும் என்று மேனேஜரை நிற்க வைத்துக் கேட்டாய். ஒரு நாள் வெளிச்சம் அருமையாக இருந்தது, கேமராமேன் இன்னும் அரை மணி கேட்டார். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "பாப்பாவுக்கு பேக்கப்" என்றாய். திண்ணையிலிருந்து அதைப் பார்த்தபோது என் மனசு நிறைந்துபோனது.

அப்புறம் ஆற்று விஷயம். முதல் இரண்டு வாரம் குடமுருட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெறும் மணல். பையனும் சிநேகிதர்களும் அந்த மணலில் உட்கார்ந்து பேசுகிற காட்சிகளை எடுத்தாயிற்று. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். மூன்று நாளில் கல்லணை, அதற்கப்புறம் திருக்காட்டுப்பள்ளியில் காவேரியிலிருந்து பிரிந்து நம் படித்துறைக்கு வந்துவிட்டது. ஊரே பூத் தூவுகிறது, உன் அசிஸ்டென்ட்கள் மட்டும் எடுத்த காட்சியோடு பொருந்தாதே, கண்டினியூட்டி போச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீ அரை மணி நேரம் பேசாமல் படியில் உட்கார்ந்திருந்தாய். எழுந்து வந்து, அவன் ஊருக்குத் திரும்பி வருகிற அன்றைக்குத்தான் தண்ணீர் வருகிறது என்று மாற்றிவிட்டாய். நுங்கும் நுரையுமாக முன்னால் தண்ணீர் வர, பின்னால் அவன் நடந்து வருகிறான். படத்தில் அதைவிட நல்ல காட்சி இருக்காது. ஆகவே மாற்ற மாட்டேன் என்றவள் மாற்றியிருக்கிறாய், காவேரிக்காக.

நான் மாற்றச் சொல்வது பாட்டில் ஷாட்டை. அவன் கண்ணாடி முன்னால் நின்று மருந்து குடிப்பதுபோல ஒத்திகை பார்க்கிறானே, அது.

நம் ஊரில் பூச்சிக்கொல்லிக்குப் பெயரே மருந்துதான், உனக்குத் தெரியும். ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் ஒரு பாட்டிலைச் சுத்தமாகக் கழுவி, கம்பெனி லேபிளைச் சுரண்டிவிட்டு வேறு லேபிள் ஒட்டினான். உள்ளே காபி டிகாஷனும் பாலும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் பையன் அதைக் குடித்துவிட்டு, "சார், இன்னும் கொஞ்சம் சர்க்கரை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன்னிடம் இதைச் சொன்னதே இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது என் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் ஃபெயிலாகிவிட்டான், நான்தான் அவனுக்குக் கணக்கு வாத்தியார். ரிசல்ட் வந்த சாயங்காலம் மருந்தைக் குடித்துவிட்டான். வீட்டில் எப்போதும் இருக்கிற பொருள், கை எட்டுகிற மாடத்தில். துணைத் தேர்வுக்கு ஒரு மாசம்தான் இருந்தது. எழுதியிருந்தால் பாஸ் பண்ணியிருப்பான். இதை நான் வாத்தியாராகச் சொல்கிறேன்.

ஒப்பாரி காட்சிக்கு நம் தெருவிலிருந்து ஐந்து பேர் வந்தார்களே, அதில் வெள்ளைப் புடவை கட்டியிருந்தவர் அவனுடைய அம்மா.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எப்படி அழுவது என்று அவர்கள் மறுத்ததும், அவரவர் வீட்டில் போனவர்களை நினைத்து அழலாம் என்று முடிவானதும் உனக்குத் தெரியும். லைவ் சவுண்டில் எடுத்தாய். மற்ற நால்வரும் ஓய்ந்த பிறகும் ஒரு குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நீ கட் சொல்லவில்லை. சவுண்டு என்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யூனிட் முழுக்கக் கைதட்டியது. அது யாருக்கான ஒப்பாரி என்று அங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாள் அவரிடம் போய், மனசு கஷ்டமாகிவிட்டதா என்று கேட்டேன். பையன் கனவு காண்கிற காட்சிக்கு அவனைப் பெஞ்சில் கிடத்தி, நெற்றியில் காசு வைத்து எடுத்தீர்களே, முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்களே, அதை அவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். "எழுந்திரிச்சு சிரிச்சிச்சு வாத்தியாரய்யா அந்தப் புள்ள. அதப் பாத்துட்டுத்தான் வூட்டுக்கு வந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் குரல் இருக்கிற படத்தில் அந்தப் பாட்டில் இருக்க வேண்டாம்மா.

அவருக்காக மட்டும் கேட்கவில்லை. உன் படத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். திரையில் வழியைக் காட்டினால் மனசு உடைந்து கிடக்கிற பிள்ளைக்கு அது ஒட்டிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சினிமாக்காரர்களுக்கென்றே ஒரு கையேடு போட்டிருக்கிறது. எந்த முறையில் என்பதைக் காட்டாதீர்கள், கஷ்டத்திலிருந்து மீள வழி இருப்பதைக் காட்டுங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதை நீ செய்துவிட்டாய், அவன் தண்ணீரோடு திரும்பி வருகிறான். முதலாவதுதான் பாக்கி. சென்சாரில் ஏ கொடுத்துவிட்டால் யாருக்காக எடுத்தாயோ அந்தப் பிள்ளைகளே தியேட்டருக்குள் வர முடியாது. யு/ஏ 16 வந்தால் பெற்றவர்களோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்க்க வேண்டும். பெற்றவர்களும் பார்க்க வேண்டும்.

அந்த ஷாட்டை எடுத்துவிட்டால் அவன் செத்துவிட்டதாக ஊர் எப்படி நம்பும் என்று கேட்பாய். யோசித்துப் பார்த்தேன். அரசாங்கம் கொடுத்த அந்த சைக்கிள் வரப்பில் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. ஹேண்டில்பாரில் புத்தகப்பை. ஆளைக் காணவில்லை. அவ்வளவு போதும். மீதியை ஊர் வாய் பார்த்துக்கொள்ளும். டீக்கடையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எவனும் எதையும் பார்த்திருக்க மாட்டான், சத்தியம் மட்டும் பண்ணுவான். பாட்டிலைக் கண்டு நம்புகிற ஊரைவிட ஒன்றுமே இல்லாமல் நம்புகிற ஊர் இன்னும் பெரிய சிரிப்பு. நீ சிரிக்க நினைத்ததும் அந்த ஊரைப் பார்த்துத்தானே?

சைக்கிளை நிறுத்துகிற ஷாட் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏழாவது டேக்கில் அவன் ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஒரு தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போனான். நீ சொல்லிக் கொடுக்காமல் அவனாகச் செய்தது. நீ கூட மானிட்டரைப் பார்த்து "அட" என்றாய். அதை எடுத்துப் போட்டுப் பார்.

முடிவு உன்னுடையது. நீ வேண்டாம் என்றாலும் உன் அப்பா முதல் நாள் முதல் காட்சிக்குக் கும்பகோணம் வந்துவிடுவேன்.

திரும்ப எடுக்க வேண்டியிருந்தால் சைக்கிள் இங்கேதான் இருக்கிறது. செயினுக்கு எண்ணெய் விட்டு, மழை படாமல் கொட்டகையில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஆனால் குறுவைக்கு நாற்று விட்டாயிற்று, வரப்புக்கு இரண்டு பக்கமும் பச்சைதான். சித்தப்பாவின் மேட்டு வயல் இந்தப் போகம் தரிசாகக் கிடக்கிறது, அங்கே எடுத்தால் பொருந்தும். சொல்லி வைத்துவிட்டேன், அவர் சரி என்றுவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா