ஆச்சியின் இருமலும் என் 482-ம்

கானாடுகாத்தான்
மாசி மாதம்

அன்புள்ள முட்டக்கண்ணு,

நான்கு மாதமாக நீ தினமும் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ, சூரியோதயம், முருகன் படம் எல்லாம் வந்து சேர்ந்தன. எதற்கும் பதில் போடவில்லை. ‘செத்துட்டியாடி?’ என்று கேட்டிருந்தாய். இல்லை. ஃபெயிலாகிவிட்டேன்.

ஆமாம், தீபாவளிக்கு முந்தின வாரம். டாக்டர் மாதிரியே நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதும் நர்ஸ் ஆவதற்கான அந்த நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வுதான். ‘சிரிஞ்சு அமெரிக்காவில் டாக்டர் மாதிரி ஆகப்போறா’ என்று நம் செட் பூராவும் நீ தண்டோரா போட்டு வைத்திருந்தாயே, அதற்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை. போனில் சொன்னால் நீ கண்ணை உருட்டுவது எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

மற்றபடி நலம். அம்மா இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரோடு நடக்கிறாள், என்னை அதிகாரம் பண்ணும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டேன். செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை போனதோடு சரி, வேறெங்கும் போகவில்லை. பையனும் அவன் அப்பாவும் ஹூஸ்டனில் ஃப்ரீஸரில் இருப்பதைச் சுட வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு அமைப்புகள் தனித்தனியே நடத்தும் இரண்டு தேர்வு உண்டு, ஏதாவது ஒன்று பாஸானால் போதும். ஏஎன்சிசி என்றால் 175 கேள்வி, மூன்றரை மணி நேரம். ஏஏஎன்பி என்றால் 150 கேள்வி, மூன்று மணி நேரம். முதலாவதில் ஆராய்ச்சி, சட்டதிட்டம் என்று கொஞ்சம் கலந்து வரும், இரண்டாவதில் முழுக்க நோயாளிதான் என்றார்கள். நோயாளிதானே, நாம் பார்க்காத நோயாளியா என்று இரண்டாவதைப் பிடித்தேன். அந்த 150-ல் 15 கேள்விக்கு மார்க் கிடையாது, சும்மா சோதித்துப் பார்க்கப் போடுவார்களாம். எது அந்தப் பதினைந்து என்று சொல்ல மாட்டார்கள். நம் ஹாஸ்டல் சாம்பாரில் காய் தேடுவது போல. மதிப்பெண் 200-லிருந்து 800 வரை, 500 வந்தால் பாஸ். எனக்கு 482. வெளியே வரும்போதே கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளைக் கவிழ்த்து நீட்டினாள். அவள் கவிழ்த்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காரில் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஸ்டார்ட் பண்ணவே இல்லை.

படிக்காமல் போனேன் என்று நினைக்காதே. ராத்திரி ட்யூட்டி முடித்து வந்து படித்தேன். கிளினிக்கில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் பழகியிருக்கிறேன். அப்புறம் ஏன் என்றுதான் நான்கு மாதமாக யோசிக்கிறேன். தேர்வில் வந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பதால், ஒரு பயிற்சிக் கேள்வியைச் சொல்கிறேன். 58 வயது, ரத்தக் கொதிப்புக்கு லிஸினோப்ரில் ஆரம்பித்து ஆறு வாரம், வறட்டு இருமல், நுரையீரல் சுத்தம், வீக்கம் இல்லை. அடுத்து என்ன செய்வாய்? இருமல் மருந்தா, எக்ஸ்ரேயா, மாத்திரையை லோசார்டனுக்கு மாற்றுவதா, நிபுணரிடம் அனுப்புவதா? எனக்கு விடை தெரியும்டி. ‘ப்ரில்’ என்று முடிந்தால் இருமும், ‘சார்டன்’ என்று முடிந்தால் சும்மா இருக்கும் என்று நீதானே இரண்டாம் வருஷம் பாட்டுக் கட்டினாய்! தெரிந்தும் என் கை ‘நிபுணரிடம் அனுப்பு’ மேல் போய் நிற்கிறது.

இருபத்து மூன்று வருஷமாக என்ன செய்தோம்? பார்த்தோம், எழுதினோம், டாக்டருக்குப் போன் பண்ணினோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி, ‘சார், பிபி இறங்குது, ஃப்ளூயிட் ஆரம்பிக்கலாமா’ என்று, அவர் வாயிலிருந்து வரவேண்டியதை நாமே கேள்வியாக்கி அவர் வாயில் போட்டோம். அவர் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’-முக்காக ஒரு ஆயுள் போயிற்று. இந்தத் தேர்வில் அந்த ‘ம்’ சொல்ல வேண்டியவள் நான். கூப்பிட ஆள் கிடையாது. 1965-ல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை டாக்டரும் சேர்ந்து இந்தப் படிப்பைத் தொடங்கியபோது, அந்த அம்மாவுக்கும் கை நடுங்கியிருக்குமா? எனக்கு நடுங்குகிறது. இதில் வேடிக்கை, பாஸானாலும் டெக்ஸாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். பல மாநிலங்களில் அது வேண்டாம். நான் போய் விழுந்த இடம் பார்.

மறுபடி எழுத வேண்டுமென்றால், எதில் குறைந்ததோ அதில் 15 மணி நேரம் படித்த சான்று காட்ட வேண்டும். அதைத்தான் இங்கே செய்கிறேன், பக்கத்து வீட்டு ஆச்சியின் வளவில், அந்த உள்முற்றத்தில் உட்கார்ந்து. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஆச்சியைக் கண்காணிக்கக் கேமராவும் வைஃபையும் போட்டிருக்கிறார். ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நடந்துகொண்டே நான் ஆன்டிபயாட்டிக் பெயர்களை ஒப்பிப்பதை அங்கிருந்து பார்த்துவிட்டு, ‘ஆத்தா, வீட்டுக்குள்ள யாரோ மந்திரம் ஓதுறாங்க’ என்று போன் பண்ணினாராம்.

அந்த ஆச்சிக்குத்தான் இருமல். இரண்டு மாதமாக. அதிமதுரம், சுக்கு, துளசி, மிளகு ரசம், மூன்று பாட்டில் சிரப் எல்லாம் ஆகிவிட்டது. நான் வளவில் வீடியோ ஓட்டிக்கொண்டு இருமலைப் பற்றிப் படிக்கிறேன், பத்தடியில் ஆச்சி இருமுகிறார். ஒரு வாரம் எனக்கு உறைக்கவே இல்லை! அப்புறம் ஒருநாள் மாத்திரை டப்பாவை எடுத்துத் தரச் சொன்னார். ராமிப்ரில். கார்த்திகையில் ஆரம்பித்தது.

சளி உண்டா, காய்ச்சல் உண்டா, இளைத்தீர்களா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா, உதடு நாக்கு வீங்கியதா என்று எல்லாம் கேட்டேன். எதுவும் இல்லை. எக்ஸ்ரே ஏற்கெனவே எடுத்து, சுத்தம் என்று எழுதியிருந்தது. ‘என்னத்தா போலீஸ் மாதிரி கேக்குற’ என்றார். எனக்கு விடை தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னது என்ன தெரியுமா? ‘டாக்டரைப் பாருங்க ஆச்சி.’

ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த ஊரில் மாத்திரையை மாற்ற எனக்கு உரிமை கிடையாது, நிறுத்தச் சொல்லவும் கூடாது, அது சரி. ஆனால் நான் வாயை மூடியது சட்டத்துக்குப் பயந்து இல்லை என்பது எனக்கே தெரிந்தது. காலையில் ஒரு தாள் எடுத்து, ராமிப்ரில் ஆரம்பித்த தேதி, இருமல் தொடங்கிய தேதி, இல்லாத அறிகுறிகள், எக்ஸ்ரே, கடைசியில் ‘ராமிப்ரிலால் வந்த இருமல் என்று நினைக்கிறேன், டெல்மிசார்டனுக்கு மாற்றலாம்’ என்று எழுதினேன். முதலில் ‘மாற்றலாமா’ என்றுதான் எழுதினேன். அந்தக் கடைசி எழுத்தை அடித்துவிட்டுக் கொடுத்தேன். காரைக்குடியில் டாக்டர் படித்துப் பார்த்து, யார் எழுதியது என்று கேட்டுவிட்டு, மாற்றிக் கொடுத்தாராம்.

இன்று பன்னிரண்டாம் நாள். ஆச்சி இன்னும் இருமுகிறார். ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும் என்று சொன்னால், ‘இம்புட்டுப் படிச்சு என்னத்தா பிரயோசனம்’ என்று கந்தரப்பத்தை நீட்டுகிறார். நடுராத்திரி அந்த இருமல் சுவரைத் தாண்டிக் கேட்கும்போது என் 482-தான் இருமுகிறது என்று தோன்றுகிறது. கணக்குத் தப்பி, வேறு ஏதாவதாக இருந்துவிட்டால்? இதை அம்மாவிடம் சொல்ல முடியாது.

நீ சொன்னாய், இங்கேயும் கிரிட்டிக்கல் கேரில், அதாவது தீவிர சிகிச்சையில், இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வந்தாச்சு, அங்கே போய் ஏன் அல்லாடுகிறாய் என்று. உன் மாணவிகளை நன்றாகப் படிக்க வை. ஆனால் ‘டாக்டருக்குத் தெரிவிப்பேன்’ என்று அவர்கள் எழுதினால், அதற்கு முன் நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வரி எழுதச் சொல். நம்மிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

தேர்வு சித்திரை கடைசியில். பங்குனி பிறந்ததும் கிளம்புகிறேன். அதுவரை புதன் ராத்திரி ஒன்பது மணிக்கு நீ போன் பண்ணி எனக்குக் கேஸ் சொல்ல வேண்டும். நான் ‘ரெஃபர்’ என்று ஆரம்பித்தால் நம் வார்டு சிஸ்டர் குரலில் திட்டு, அது உனக்கு இன்னும் வரும் என்று நம்புகிறேன். ஏழாம் வார்டுப் பூனையை மட்டும் கேஸாகக் கொண்டு வராதே.

தேன்குழலும் மாவுருண்டையும் ஆச்சி வீட்டிலிருந்து ஒரு டின் வாங்கி வைத்திருக்கிறேன். உன் சர்க்கரை எவ்வளவு என்று முதலில் எழுது, அப்புறம்தான் மாவுருண்டை.

உன்,
சிரிஞ்சு