லாச்சோ திவெஸ்

பிர்னோ, செக் குடியரசு
5 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லியிருக்கிறார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஜிப்சிகள் குடியிருக்கிற தெருவில் இருக்கிறேன் என்று அவரிடம் யார் சொன்னது, தம்பியா? இந்த வீட்டை எடுத்தது டிராம் நிறுத்தம் பக்கத்தில் இருப்பதால்தான், வாடகைக்காக இல்லை. அப்பாவிடம் இதை அப்படியே சொல்.

முதலில் அந்தப் பேர். ஜிப்சிக்கு இங்கே சொல்கிற 'சிகான்' என்பது பெரும்பாலும் வசவு. அவர்கள் தங்களை ரோமா என்கிறார்கள். அவர்களைச் சேராத நானும் நீயும் 'காஜி', ஆண் என்றால் 'காஜோ'. வீடும் அப்பா நினைக்கிற மாதிரி இல்லை. நாலு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம். மாடிக்கு மாடி முற்றத்தைச் சுற்றி நடை ஓடுகிறது, எல்லா வீட்டு வாசலும் அதில்தான் திறக்கும். 'பவ்லாச்' என்பார்கள். பெரியத்தை திருவல்லிக்கேணியில் குடியிருந்தாளே, அந்த ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள். இங்கே யார் வீட்டில் என்ன சமையல் என்று மூக்குக்கே தெரிந்துவிடும்.

கீழ்வீட்டு ரோமா பாட்டி சுடுகிற ரொட்டிக்கு 'மரிக்லி' என்று பேர். அரைக் கிலோ மைதா, ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சமையல் சோடா, கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர். பிசைந்து அரை மணி மூடி வைத்து, விரல் கனத்துக்குத் தட்டி, எண்ணெய் விடாமல் கல்லில் போடுகிறார். தீ கூடினால் மேலே கருகி உள்ளே மாவாகவே நிற்கும். சோடா கூடினால் மஞ்சளாகிச் சவக்காரம் மாதிரி கசக்கும். முதல் தடவை எனக்கு இரண்டும் நடந்தது. பூண்டை நசுக்கிப் பன்றிக்கொழுப்போடு தடவித் தருவார். எனக்கு மட்டும் வெண்ணெய்.

அவர்கள் பேசுகிற ரொமானி மொழியில் தண்ணீர் 'பானி', மனிதன் 'மனுஷ்', பல் 'தந்த்', கத்தி 'சூரி'. நம்ம சூரிக்கத்தியேதான்! 'கன்' என்றால் மட்டும் ஏமாந்துவிடாதே, அது காது. கண்ணுக்கு 'யாக்'. எண்களில் அவர்கள் நடந்து வந்த வழியே இருக்கிறது. யேக், துய், த்ரின் என்பதெல்லாம் இந்தியாவிலிருந்து வந்தவை. ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் எஃப்தா, ஓக்தோ, என்யா. அவை கிரேக்கம். பல நூறு வருஷத்துக்கு முன்னே அந்தப் பக்கம் தங்கியிருந்தபோது எடுத்துக்கொண்டது.

பாட்டியின் குடும்பம் போருக்குப் பிறகு கிழக்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தது. அதற்கு முன்பு இங்கேயே இருந்த செக் ரோமாக்களில் நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் சுமார் 600 பேர்தான். 1927-லேயே நாடோடிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டு, கைரேகை எடுத்துத் தனி அடையாள அட்டை கொடுத்தார்கள். நம்ம ஊர் குற்றப்பரம்பரை ரேகைச் சட்டம் பற்றித் தாத்தா சொல்வாரே, அதே வேலை. லெட்டி என்ற ஊரில் போர்க்காலத்தில் ரோமாக்களை அடைத்த முகாம் இருந்த இடத்தில் 1970-களில் பன்றிப் பண்ணை வைத்தார்கள், அக்கா. பிள்ளைகள் செத்த இடத்தில் பன்றிப் பண்ணை! குடும்பத்தார் வருஷக்கணக்கில் போராடி, 2018-ல்தான் அரசு அதை விலைக்கு வாங்கியது. 2022-ல் இடிக்க ஆரம்பித்து, 2024-ல் நினைவிடம் திறந்தார்கள். இன்றைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பலர் தங்களை ரோமா என்று எழுதிக்கொள்வதில்லை. பேர் எழுதினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நீ டீச்சர், அதனால் பள்ளிக்கூடத்தைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். ஆஸ்திராவா நகரத்தில் ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான தனிப் பள்ளியில் தள்ளியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிட ரோமா பிள்ளை அங்கே போகிற வாய்ப்பு அப்போது 27 மடங்கு. அங்கே அனுப்புவதற்கு வைத்த பரீட்சை முழுக்கச் சுத்தமான செக் மொழியில் இருந்தது. பிள்ளை வீட்டில் பேசுவதோ ரொமானி வாடை அடிக்கிற செக். கேள்வி புரியாமல் முழிக்கிற பிள்ளையை அறிவு போதாது என்று எழுதிவிடுவார்கள். பெற்றவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. அந்தப் பள்ளியில் படித்தால் பிறகு நல்ல மேல்நிலைப் பள்ளிக்கு வழி கிடையாது என்று அந்தத் தாளைப் பார்த்து யாருக்குத் தெரியும்? 18 பிள்ளைகளின் குடும்பங்கள் வழக்குப் போட்டு, 2007 நவம்பர் 13-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் அது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் பழக்கம் எளிதில் போகவில்லை. ரோமா பிள்ளைகள் கூடினால் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள், மிச்சம் நிற்பது ரோமா மட்டுமே இருக்கிற பள்ளி. 2017 செப்டம்பரிலிருந்து பள்ளிக்கு முந்தைய ஒரு வருஷம் எல்லாருக்கும் கட்டாயம். அது உண்மையிலேயே உதவுகிறது என்பது என் எண்ணம். இங்கே பிர்னோவில் பிராட்டிஸ்லாவ்ஸ்கா தெருவில் ரோமா கலாச்சார அருங்காட்சியகம் இருக்கிறது, 1991-ல் தொடங்கியது. அங்கே பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித் தருகிறார்கள். பாட்டியின் பேத்திக்கு வகுப்புக்குப் போக 'கலர் பேர், கிழமைப் பேர், ஷூ லேஸ்' மூன்றும் தெரியவேண்டும். இப்போது முற்றத்திலேயே பழகுகிறது.

போன மாதம் பாட்டியின் தம்பி தவறிவிட்டார். அடக்கம் வரை மூன்று ராத்திரி விளக்கை அணைக்கவில்லை, கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். உடல் பிணவறையில்தான். ஆனாலும் அவர் படத்துக்கு முன்னால் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து காப்பி குடித்து, சீட்டாடி, அவர் செய்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டு கிடையாது. செத்தவரைத் தனியாக விடக்கூடாதாம். மூன்றாம் ராத்திரி என்னையும் கூப்பிட்டார்கள், போய் உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு அப்படி உட்கார நான் வரவில்லை, அக்கா. தினம் காலையில் பாட்டி நடையில் நின்று 'லாச்சோ திவெஸ்' என்பார். நல்ல நாள் என்று அர்த்தம். என் காதில் அது திவசம் என்றே விழுகிறது.

அதற்குத்தான் இந்தக் கடிதமும். தலைத்திவசத்துக்கு எத்தனை இலை என்று முடிவு செய்தீர்களா? அம்மாவுக்குப் பிடித்த வாழைப்பூ வடை கட்டாயம் இருக்கவேண்டும். என் பங்கில் பாதியை இந்த மாதம் அனுப்புகிறேன், மீதி தையில். இடையில் வேறு செலவு வந்துவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவின் கண்புரை ஆபரேஷனைத் திவசம் முடிந்ததும் வைத்துக்கொள்ளச் சொல், சொட்டு மருந்தோடு அவரால் புகையில் உட்கார முடியாது. தென்னந்தோப்புக் குத்தகையை அத்தானே பேசி முடிக்கட்டும். தம்பி பேசினால் சண்டையில் முடியும்.

இலை போடுகிற நேரத்தை எழுது. அக்டோபர் கடைசி ஞாயிறோடு இங்கே கடிகாரம் மாறிவிடும், அப்புறம் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் பன்னிரண்டுக்குப் போட்டால் இங்கே ஏழரை. போனைப் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கச் சொல். எட்டு மணி டிராமுக்கு முன்னால் நானும் இருப்பேன்.

உன் தங்கை