தராசும் கஞ்சி அண்டாவும்

சேலம், திங்கள் இரவு.

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாதது என் தவறு. காரணங்களை அடுக்க இப்போது மனமில்லை. ஜவ்வரிசி ஆலை நடத்திய நம் சேகோ ஐயா சென்ற வெள்ளிக்கிழமை விடியற்காலையில் காலமாகிவிட்டார். படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியே தூக்கத்தில் போய்விட்டார்.

நேற்று செவ்வாய்ப்பேட்டையில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் அவர் கட்டிக்கொடுத்த வகுப்பறைகளையும், கண் சிகிச்சை முகாம்களையும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் அவர் ஊற்றிய கூழையும் சொன்னார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் தராசைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

விடுமுறைகளில் ஆத்தூர் சாலை ஆலையில் சீட்டு எழுதியவன் நீ. குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளியின் விலை, அதில் எவ்வளவு மாவுச்சத்து என்று காட்டும் பாயிண்ட்டில் இருக்கிறது என்பதும், ஒரு பாயிண்ட் குறைத்துச் சொன்னால் விவசாயியின் ஒரு லோடில் எவ்வளவு போய்விடும் என்பதும் உனக்குத் தெரியும். ஐயா அந்தப் பாயிண்ட்டைப் பார்க்கும் தராசை அறைக்குள் வைக்காமல் வாசல் வேப்பமரத்தடியில் வைத்திருந்தார். கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்க்கையில், முள் ஆடி நிற்கும்வரை கிழங்கு கொண்டுவந்தவரே குனிந்து பார்க்க வேண்டும், அவரே எண்ணைச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் நீ எழுத வேண்டும். ஒருநாள் நீ முந்தி எழுதிவிட்டாய் என்று சீட்டைக் கிழித்துப் போட்டாரே, உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கிழங்கைத் தோலோடு அரைத்துவிட்டு ரசாயனம் போட்டு வெளுக்கும் வழக்கம் பரவியபோதும் அவர் தோலை உரித்தே அரைத்தார். வாங்குபவர்கள் பளிச்சென்ற வெண்மையைக் கேட்டதால் அவருடைய மங்கலான ஜவ்வரிசிக்கு விலை குறைந்தது. மூத்த மகனுக்கும் அவருக்கும் அதனாலேயே மனத்தாங்கல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றபோது, 1943 வாக்கில், இந்த ஊரில் பிறந்த தொழில் என்று அவர் பெருமையாகச் சொல்வார். காய்ச்சல்காரனுக்கு முதலில் கொடுப்பது ஜவ்வரிசிக் கஞ்சி, அதில் விஷத்தைக் கலந்துவிட்டு அன்னதானம் செய்தால் ஒட்டுமா என்றும் கேட்பார். நான் அவரை வள்ளல் என்று நினைப்பது இதற்காகத்தான். கொடுத்த பணத்துக்காக மட்டும் அல்ல.

இப்போது என் கவலையெல்லாம் கஞ்சி அண்டாதான். அரசு மருத்துவமனை வாசலில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஏற்காட்டிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் நோயாளியோடு வந்து தரையில் படுத்துக் கிடப்பவர்கள் தூக்குப் போசியை ஏந்தி நிற்கும் வரிசையை நீயும் பார்த்திருக்கிறாய். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு என்று யாராவது கேட்டால், ஐயா முதலில் தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். மூட்டைக்கு இவ்வளவு என்று தர்மத்துக்காகத் தனியே எடுத்து வைத்த மகமைப் பணத்தில்தான் இத்தனை ஆண்டுகளும் அது நடந்தது. அந்தப் பணத்தைத் திரட்டி அப்பா பெயரில் ஒரு மண்டபம் கட்டலாம் என்று மூத்தவர் எண்ணுகிறார். கெட்ட எண்ணம் இல்லை, தகப்பன் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசைதான். ஆனாலும் மண்டபம் எழும்பினால் அண்டா கவிழ்ந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மூத்தவர் உன்னோடு படித்தவர். நான் சொன்னால் கடன்காரன் பேச்சுப்போல் கேட்பார், நீ சொன்னால் யோசிப்பார். பதினாறாம் நாள் காரியத்துக்கு எப்படியாவது வந்துவிடு. நம் வீட்டில் தங்கு, விடுதி எடுத்துக்கொண்டு கிளம்பாதே. அதுவரை நாங்கள் நான்கு பேர் முறை வைத்து ஊற்றுகிறோம். நாளை என் முறை. நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் அன்புள்ள நண்பன்